வண்டிக்கு மூச்சு வாங்கியது ஏன்?

சங்கத்துக்குப் புதிதாக வண்டி வரும் நாள் அங்கத்தினர் அனைவருக்கும் ஒரு திருநாள். மாலை சூட்டி, திருஷ்டி கழித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி மகிழ்வோம். அன்று வண்டியைச் சுற்றி நிற்பவர் ஐம்பது பேர். அதே வண்டி பாதி வழியில் பழுதாகி நிற்கும் நாளிலோ அதன் அருகில் நிற்பவர் ஒரே ஒருவர், அவர் ஓட்டுநர். ஆகவே பழியைச் சுமத்த ஒரு தோள் தேவைப்படும்போது அவருடைய தோளே முதலில் நம் கண்ணுக்குப் படுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோகும் இந்தப் பழக்கத்தால் ஒரு சங்கத்தில் நேரவிருந்த அநீதியையும், அதில் நமக்கும் இருந்த பங்கையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரோடு மாவட்டத்தில், சத்தியமங்கலத்தை அடுத்த மலையடிவாரத்தில், காய்கறி விளைவிப்போரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நம் ஆய்வுக்கு உட்பட்டிருந்தது. சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதனிடம் ஒரு டீசல் பிக்கப் வண்டி உண்டு. வாரத்தில் நான்கு நாள் அது உரமும் விதையும் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் ஏறும். தாளவாடிப் பக்கத்து முட்டைக்கோசை ஏற்றிக்கொண்டு இறங்கும். மற்ற இரண்டு நாள் பக்கத்து ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வாடகைக்குப் போகும். நூல் சிப்பங்களைக் கொண்டுவந்து சேர்த்து, நெய்து முடித்த துணியை ஈரோட்டுக்குக் கொண்டுசெல்லும். வண்டி ஒன்றுதான், ஆனால் அது நின்றால் தோட்டத்தில் கோசு முற்றி வெடிக்கும், தறியில் பாவு நூலுக்காகக் காத்திருக்கும்.

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை அது நின்றுவிட்டது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உரமூட்டைகளுடன் ஏறிக்கொண்டிருந்த வண்டி, 11-ஆவது வளைவைத் தாண்டியதும் இழுவை இழந்தது. முதலில் சங்கு ஊதுவதுபோல ஓர் ஊளை எழுந்ததாகவும், அதன் பின் நீல நிறப் புகை கிளம்பியதாகவும், முடிவில் முதல் கியரிலும் வண்டி ஏற மறுத்ததாகவும் ஓட்டுநர் எழுதிக்கொடுத்தார். வேறொரு வண்டியில் கட்டி இறக்கிப் பட்டறையில் சேர்த்தனர். டர்போ போய்விட்டது என்றார் மெக்கானிக்.

டர்போ என்பது யாது?

கொல்லன் உலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துருத்தி ஊத ஊத நெருப்புக்குக் காற்று மிகுதியாகக் கிடைக்கிறது. அதே கரி அதிக வெப்பம் தருகிறது. டர்போவும் எஞ்சினுக்கு ஒரு துருத்தியே. இந்தத் துருத்தியை இயக்குவதற்குத் தனி ஆள் வேண்டியதில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சுடுபுகையின் வேகமே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் பூட்டிய தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறிவிடுமாதலால், இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியாகச் சென்று குளிர்ந்த பின்னரே அது உள்ளே புகுகிறது. காற்று மிகுந்தால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய பாரத்தை இழுக்கும். வீணாகும் புகையைக்கொண்டே வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

இதன் நுட்பமெல்லாம் அந்தத் தண்டில் இருக்கிறது. நூற்பாலையில் கதிர் ஒன்று நிமிடத்துக்கு 20,000 சுற்றுச் சுற்றினால் அதிவேகம் என்று வியக்கிறோம். டர்போவின் தண்டோ 1,00,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல்வது. சிறிய எஞ்சின்களில் அது 2,00,000-ஐயும் நெருங்கும். இவ்வளவு வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் நொடிப்பொழுதில் தேய்ந்துபோகும். ஆகவே பெரும்பாலான வண்டிகளில் அத்தண்டு எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதந்தபடியே சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு மெல்லிய பைப் வழியாக ஆயில் மேலிருந்து வருகிறது. தண்டை நனைத்துக் குளிர்வித்து, கீழேயுள்ள சற்று அகன்ற பைப் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. அந்த ஆயில் சில நொடிகள் வராவிட்டாலும், அழுக்காக வந்தாலும், டர்போவின் ஆயுள் முடிந்தது.

நாம் எழுதிய குறிப்பு

பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அவர் கொடுத்த விலைப்புள்ளியில் டர்போ ஒன்று மட்டும் இல்லை. புதிய ஆயில் பைப், கேஸ்கட்டுகள், செம்பு வாஷர்கள், ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், இன்டர்கூலர் கழுவும் கூலி என்று ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பழுதுபார்த்துப் புதுப்பித்த டர்போவின் விலை 14,500 ரூபாய். மற்றவை சேர்ந்து 4,200 ரூபாய்.

அந்த வாரம் நாம் சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். செயலாளர் விலைப்புள்ளியை நம் முன் வைத்து அபிப்பிராயம் கேட்டார். வண்டியின் பயணப் பதிவேட்டைப் புரட்டினோம். இரண்டு மாதத்துக்கு முன்னரே ஆயில் மாற்றியதாகப் பதிவு இருந்தது. பைப்பில் வெடிப்போ கசிவோ இல்லை என்று செயலாளரும் சொன்னார். சங்கப் பணத்தைக் காப்பது நம் கடமை என்ற எண்ணத்தில், "டர்போ நீங்கலாக ஏனைய இனங்கள் தவிர்க்கத்தக்க செலவு" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டோம். பட்டம் பெற்ற நாம் பட்டறைக்குப் போய் அந்தப் பெரியவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சங்கம் நம் குறிப்பின்படியே நடந்தது. டர்போவை மட்டும் மாற்றினார்கள். வண்டி ஓடியது. 19-ஆம் நாள், அதே மலைப்பாதையில், அதே ஊளையோடும் அதே நீலப் புகையோடும் நின்றது.

இம்முறை நிர்வாகக் குழு பொறுமை இழந்தது. ஒரே மாதத்தில் இரண்டு டர்போ போவது ஓட்டுநரின் அஜாக்கிரதையால் அன்றி வேறெதனால் ஆகும் என்று கேட்டனர். நஷ்டத்தை அவருடைய சம்பளத்தில் 12 தவணைகளாகப் பிடித்தம் செய்வதென்று தீர்மானமும் எழுதினர். ஓட்டுநர் ஒன்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் பணிபுரிபவர். அதுவரை அவர் பேரில் ஒரு புகாரும் இல்லை. தீர்மானத்தின் நகல் நமக்கு வந்தது. மறுநாள் காலையில் அவரே நம் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நான் தப்புப் பண்ணியிருந்தா காசைக் கட்டிடறேனுங்க. என்ன தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 87-ஆம் பிரிவின்படி சங்கப் பணியாளர் ஒருவரிடமிருந்து தண்டத்தீர்வை வசூலிக்க வேண்டுமாயின், நம்பிக்கை மோசடியோ வேண்டுமென்றே செய்த கவனக்குறைவோ இருந்ததாக நிலைநாட்டப்பட வேண்டும். அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். கோபத்தில் எழுதிய தீர்மானம் அதற்கு ஈடாகாது. அன்று பிற்பகலே பட்டறைக்குச் சென்றோம்.

அறுத்துக் காட்டிய பைப்

பெரியவர் நம்மை வரவேற்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கழற்றி வைத்திருந்த டர்போவை எடுத்து அதன் தண்டைப் பிடித்து அசைத்துக் காட்டினார். நல்ல டர்போவில் தண்டு பக்கவாட்டில் இம்மியளவு அசைவது இயல்பு. அது ஆயில் படலத்துக்கான இடம். உள்ளும் புறமுமாக ஏறக்குறைய அசையவே கூடாது. இதிலோ தண்டு தாராளமாக ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டின் சுவரில் உரசித் தேய்ந்திருந்தன. தண்டின் நடுப்பகுதி நெருப்பில் காய்ச்சியது போல நீலம் பாரித்திருந்தது.

"இது தாகத்துல செத்ததுங்க ஐயா. ஆயில் கிடைக்கலை" என்றார். பிறகு, நாம் தவிர்க்கத்தக்கது என்று எழுதிய அந்தப் பழைய ஆயில் பைப்பை பட்டறை வைஸில் பூட்டி, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து இரண்டாகப் பிளந்தார்.

வெளியே பழுதற்றுப் பளபளத்த அந்தப் பைப்பின் உட்புறம் முழுவதும் கரி. கெட்டியான கறுப்புக் கரி அடுக்கடுக்காகப் படிந்து, நடுவே தையல் ஊசி நுழையும் அளவுக்கே வழி இருந்தது. முதல் டர்போவைக் கொன்றது எதுவோ அதையே இரண்டாவதற்கும் பூட்டி அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போது நமக்கு விளங்கிற்று.

கரி படிந்த காரணத்தையும் அவரே சொன்னார். மலையேறி வந்த எஞ்சினின் புகைச் சக்கரப் பக்கம் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சாவியைத் திருப்பி எஞ்சினை உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவிலும் பைப்பிலும் தேங்கிய சொற்ப ஆயில் அந்தச் சூட்டில் கருகி, அடுப்பில் மறந்த எண்ணெய்ச் சட்டிபோலக் கரியாகும். அத்துடன் பழைய ஆயிலையே காலம் கடந்தும் வைத்து ஓட்டினால் கரியும் கசடும் இன்னும் விரைவாகச் சேரும்.

நாம் சங்கத்துக்குத் திரும்பித் தீர்மானப் புத்தகத்தைப் படித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிக்கன நடவடிக்கை என்ற தலைப்பில் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. ஒன்று, ஆயில் மாற்றும் இடைவெளியை இரு மடங்காக்குவது. பில்டரை ஒரு முறை விட்டு ஒரு முறை மாற்றுவது. மற்றொன்று, டீசலை மிச்சப்படுத்தும் பொருட்டு, வண்டி போய்ச் சேர்ந்த மறுகணமே எஞ்சினை நிறுத்தவேண்டும் என்று ஓட்டுநருக்குக் கட்டளையிடுவது. அக்கட்டளையின் கீழ் ஓட்டுநரின் கையொப்பம் இருந்தது. அவர் அதைப் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். அவர் செய்த குற்றம் அதுதான்.

டர்போவை மாற்றும் முறை

மூன்றாவது டர்போவைப் பூட்டியபோது நாம் உடனிருந்து பார்த்தோம். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் அறியவேண்டிய செய்திகள் இவை.

இழுவை குறைந்தவுடன் டர்போவைக் குறை சொல்லலாகாது. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம்; காற்று ஹோஸ் கிழிந்திருக்கலாம்; கிளாம்ப் தளர்ந்திருக்கலாம்; இன்டர்கூலர் கசியலாம். இவற்றால் காற்றுக் குறைந்து கறுப்புப் புகை வரும். இவற்றைச் சரிசெய்யச் சில நூறு ரூபாயே போதுமானதாகவும் இருக்கலாம். நீலப் புகையும், ஆயில் மட்டம் இறங்குவதும், ஊளையும், தண்டின் ஆட்டமும் சேர்ந்து தெரிந்தால் டர்போவைக் கழற்றவேண்டியதுதான்.

கழற்றுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். புகைப் பக்கத்து நட்டுகள் சூட்டில் இறுகித் துருப்பிடித்திருக்குமாதலால், முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைப்பது நலம். அவசரப்பட்டால் ஸ்டட் முறிந்து வேலை இரட்டிக்கும். காற்று ஹோஸ், ஆயில் பைப்புகள், சைலன்ஸர் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றிய பின் டர்போ வெளியே வரும். திறந்த வாய்களையெல்லாம் சுத்தமான துணியால் மூடிவைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறு வாஷர் புதிய டர்போவின் இதழ்களைச் சிதைத்துவிடும்.

அடுத்து இன்டர்கூலரும் ஹோஸ்களும். பழைய டர்போ கக்கிய ஆயில் அவற்றில் தேங்கியிருக்கும். உடைந்த இதழின் துணுக்குகளும் கிடக்கலாம். கழுவாமல் விட்டால் தேங்கிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சி, டீசலுக்குப் பதிலாக அதை எரித்து, சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் வெறிபிடித்து ஓடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் பிரேக்கை முழுவதும் மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். காற்று நுழையும் வாயைக் கையால் பொத்த ஒருபோதும் முயலக் கூடாது.

புதிய டர்போவின் தகட்டிலுள்ள எண் பழையதன் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்கவேண்டும். ஆயில் வரும் பைப், கேஸ்கட்டுகள், வாஷர்கள் புதியனவாக இருக்கவேண்டும். ஆயில் திரும்பும் பைப்பையும், எஞ்சினின் ஆவி வெளியேறும் குழாயையும் அடைப்பின்றிச் சுத்தம் செய்யவேண்டும். அவை அடைத்தால் ஆயில் வடிய வழியின்றிச் சக்கரப் பக்கம் கசியும். ஆயில் வழியில் ஒட்டும் பசை எதையும் தடவக் கூடாது. அது பிதுங்கித் துளையை அடைத்துவிடும். எஞ்சின் ஆயிலையும் பில்டரையும் அன்றே மாற்றவேண்டும்.

பூட்டிய பின்பு பெரியவர் செய்தவற்றில் மூன்று காரியங்கள் நம் மனத்தில் பதிந்தன. மேல் பைப்பை இணைக்குமுன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். பிறகு டீசல் போகாதபடி இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுழலச் செய்து, ஆயில் மேலேறி டர்போவை அடையச் செய்தார். அதன் பின்னரே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா என்று பார்த்தார். மருத்துவமனையில் பிள்ளையைத் தாயிடம் கொடுப்பவரைப் போல, "இன்னிக்கு மலைக்குப் போக வேண்டாம், ரெண்டு நாள் சமவெளியில ஓட்டுங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லியனுப்பினார்.

அதன் பின் நடந்தவை

நாம் எழுதவேண்டிய அறிக்கை ஒன்று எஞ்சியிருந்தது. பிறர் கணக்கில் பிழை காண்பதே நம் தொழில். நம் குறிப்பிலேயே பிழை என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்கத்தான் செய்தது. ஆயினும் எழுதினோம். முதல் பழுதின்போது பட்டறை கேட்ட இனங்களைத் தவிர்க்கத்தக்கவை என்று நாம் குறித்தது தவறு. அக்குறிப்பே இரண்டாவது பழுதுக்கு உடனடிக் காரணம். சங்கத்தின் இரு சிக்கனத் தீர்மானங்கள் மூலகாரணம். ஓட்டுநர் பேரில் குற்றம் இல்லை. இவ்வளவையும் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, நகலைச் சங்கத்துக்கும் கொடுத்தோம். மேலதிகாரி நம்மை அழைத்துக் கண்டித்தார். அக்கண்டிப்பு நியாயமானது.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பிளந்த பைப்பை மேசைமேல் வைத்தோம். தலைவர் அதைக் கையில் எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்திருந்தவரிடம் கொடுத்தார். அது ஒருவர் கை மாறி ஒருவர் கைக்குப் போய் மீண்டும் மேசைக்கு வந்தது. நாம் விளக்கிச் சொல்ல எண்ணியிருந்த பலவற்றுக்கு அவசியமில்லாது போயிற்று. பிடித்தத் தீர்மானம் ரத்தாயிற்று. ஏற்கெனவே பிடித்த ஒரு தவணையை ஓட்டுநருக்குத் திருப்பிக் கொடுத்தனர். பழைய சிக்கனத் தீர்மானங்களுக்குப் பதிலாகப் புதியன எழுதினர். வண்டியோடு வந்த கையேட்டில் குறித்த கிலோமீட்டரில் ஆயிலும் பில்டரும் தவறாது மாற்றவேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினை உறுமவிடாமல் அரை நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். மலையேறி வந்தாலும் பாரத்தோடு வந்தாலும் நிறுத்துமுன் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஆறவைத்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். பழுதுபார்க்கும் விலைப்புள்ளியில் எந்த இனத்தையும் நீக்குமுன் பட்டறையில் காரணம் கேட்டு எழுதவேண்டும். இந்தக் கடைசி வரி நம்மை உத்தேசித்து எழுதியது என்பதை நாம் அறிவோம்.

4,200 ரூபாயை மிச்சப்படுத்தப்போய்ச் சங்கம் 14,500 ரூபாய் டர்போ ஒன்றை 19 நாளில் இழந்தது. அந்த நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி. நெசவாளர் சங்கத்துக்கு நூல் பிந்தியதால் சில தறிகள் நின்றன. இவையெல்லாம் கணக்கில் ஏறும் நஷ்டங்கள். ஒன்பது ஆண்டு நேர்மையாக உழைத்த ஒருவர், தாம் செய்யாத பிழைக்காகத் தலைகுனிந்து நின்ற அந்த ஒரு காலைப்பொழுதை எந்தப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அங்கத்தினர்களே! சிக்கனம் கூட்டுறவின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திப் புணைத்துவிட்டே மேலே நெய்கிறார். அறுந்த இழையை விட்டு நெய்வதைச் சிக்கனம் என்று அவர் சொல்வதில்லை. செடி வாடினால் இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு விவசாயி வீடு திரும்புவதில்லை, வேரைப் பார்க்கிறார். தறியிலும் தோட்டத்திலும் நாம் நாள்தோறும் கைக்கொள்ளும் இந்த அறிவைச் சங்க அலுவலகத்துக்கும் எடுத்துவருவோமாக. உங்கள் சங்க வண்டி அடுத்த முறை நிற்கும்போது, யார் ஓட்டியது என்று கேட்குமுன் ஏன் நின்றது என்று கேளுங்கள்.

பிளந்த பைப்பின் ஒரு பாதி இப்போதும் அந்தச் சங்க அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தின்மேல் பாரமாக இருக்கிறது. மறு பாதியை நாம் கேட்டு வாங்கிவந்தோம். அது நம் மேசை இழுப்பறையில், கையொப்பமிடும் பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.